இரவு 10 மணி வரை சத்தம் போடலாமா? தெருக் குறிப்பைத் திருத்தித் தாருங்கள்

வேம்படி:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருக் கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவில் போட ஒரு பக்கக் குறிப்பு தயாராகிறது. தமிழ் படிக்கும் பெரியவர்களுக்குத் தமிழில், மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில். வரைவு இது:

அ) இரவு 10 வரை எவ்வளவு சத்தமும் போடலாம். 10 தாண்டினால் 10111-ஐ அழையுங்கள்.
ஆ) சுகர்ஸ் (போதைப்பொருள்) விற்கும் வீடு தெரிந்தால் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள், எல்லோரும் எச்சரிக்கையாக இருக்கட்டும்.
இ) போலீஸ் கேஸ் எடுக்க மறுத்தால் ஐபிட் அமைப்புக்கு எழுதுங்கள்.
ஈ) தொல்லை தருபவர் மேல் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு ஆணை வாங்கலாம், வக்கீல் வேண்டியதில்லை.

அச்சடிக்கும் முன் விஷயம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய_குமாஸ்தா:
மூன்று தப்பு, நாலாவது பாதி சரி. அச்சகத்துக்கு அனுப்பாமல் இங்கே போட்டது நல்லதாயிற்று.

முதலில் (அ). "பத்து மணி வரை உரிமை" என்று ஒரு சட்டமும் கிடையாது. அந்தப் பத்து மணி வந்த வழி வேறு. சுற்றுப்புற இரைச்சலை அளக்கும் தேசியத் தரநிலை, சான்ஸ் 10103, நாளை இரண்டாகப் பிரிக்கிறது: காலை 6 முதல் இரவு 10 வரை பகல், மற்றது இரவு. நகர்ப்புறக் குடியிருப்புக்கு வீட்டுக்கு வெளியே பகலில் 55 டெசிபெல், இரவில் 45 என்பது அதன் வழக்கமான அளவு. அமைதியான புறநகருக்கு 50, 40. இந்தப் பகல்–இரவுக் கணக்கைத்தான் ஜனங்கள் "பத்து வரை ஃப்ரீ" என்று மாற்றிவிட்டார்கள். மதியம் இரண்டு மணிக்கு பக்கத்து வீட்டுச் சுவர் அதிர ஸ்பீக்கர் வைத்தாலும் அது தொல்லைதான். டர்பனில் அதற்கு ஈதெக்வினி மாநகராட்சியின் 2015-ஆம் ஆண்டுத் துணைவிதி இருக்கிறது. பொது இடங்களில் நடத்தையையும் தொல்லைகளையும் பற்றியது.

அடுத்து, துணைவிதியை அமல்படுத்துவது மாநகராட்சியின் சொந்தப் போலீசான மெட்ரோ போலீஸ். 10111 தேசியப் போலீசின் எண். சத்தத்துக்கு அங்கே அழைத்தால் கொலை, கொள்ளை அழைப்புகளுக்குப் பின்னால் நிற்பீர்கள். மெட்ரோ போலீஸ் 031 361 0000. அழைத்ததும் குறிப்பு எண் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத புகார் காற்றில் சொன்ன புகார்.

அடி, கத்தி, மிரட்டல் என்று வந்தால் மட்டும் 10111. கைபேசியிலிருந்து 112-ம் போகும்.

ஒலிமானி:
மேலே சொன்னதோடு ஒன்று. 1992-இன் தேசிய இரைச்சல் விதிகள் இரண்டு சொற்களைத் தனித்தனியாக வரையறுக்கின்றன. ஒன்று, அளவுகோல் வைத்துக் காட்ட வேண்டிய இரைச்சல்: அதே இடத்தின் இயல்பான சத்தத்தைவிட 7 டெசிபெல் அல்லது அதற்கு மேல். இன்னொன்று, மனிதரின் நிம்மதியைக் கெடுக்கும் தொல்லைச் சத்தம். இதற்குக் கருவியே தேவையில்லை. குரைக்கும் நாய், நடுராத்திரி கிரைண்டர், கார் ஸ்பீக்கர் எல்லாம் பெரும்பாலும் இரண்டாவது வகை. ஆகவே "மீட்டர் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது" என்று யாராவது கையை விரித்தால் நம்ப வேண்டாம்.

கைபேசி ஆப் காட்டும் எண்ணை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். அது அளவு திருத்தம் செய்யாத மைக். போதாததற்கு ஆப்கள் பொதுவாகக் காட்டுவது 'ஏ' எடையிட்ட டெசிபெல். அந்த எடையிடல் 63 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த ஒலியில் ஏறக்குறைய 26 டெசிபெல்லைக் கழித்துவிடும். சாட்ஸ்வொர்த்தில் 1960-களில் கட்டிய இரட்டை வீடுகளில் நடுச்சுவர் ஒன்றுதான். அதைத் தாண்டி வருவது பாட்டு இல்லை, பாஸ் எனும் தாழ்ந்த அதிர்வொலி. ஜன்னல் கண்ணாடி ஆடும், ஆப்பில் எண் சாதாரணமாக இருக்கும், அதிகாரி "இது ஒன்றும் அதிகமில்லையே" என்பார். அப்போது கேட்க வேண்டியது, தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் கழிக்காத 'சி' எடையிட்ட அளவீடு. மாநகராட்சியின் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரிகளிடம் முறையான கருவி இருக்கும். திரும்பத் திரும்ப வரும் சத்தத்துக்கு அவர்களிடம்தான் எழுத்தில் போக வேண்டும். ஒரு இரவுக் கூத்துக்கு மெட்ரோ, வாராவாரக் கூத்துக்கு சுகாதாரப் பிரிவு.

நாட்குறிப்பு:
இந்த இழையில் எதை மறந்தாலும் பதிவேட்டை மறக்காதீர்கள். நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன நடந்தது, எந்த அறையிலிருந்து கேட்டது, உடன் யார் இருந்தார், யாரை அழைத்தீர்கள், குறிப்பு எண். அன்றன்றே எழுத வேண்டும். மாதக் கடைசியில் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியது எதிர்த்தரப்பு வக்கீலின் கண்ணுக்குத் தப்பாது.

"எப்பவும் சத்தம்", "தினமும் தகராறு" என்று எழுதுவது வீண். "வெள்ளி 21:40 – 01:15, முன் படுக்கையறை, ஜன்னல் மூடியிருந்தது" என்பதுதான் வேலைக்கு ஆகும்.

கேமராக்காரர்களுக்கு: வீட்டு ரெக்கார்டர்கள் இடம் நிறைந்ததும் பழையதை அழித்து மேலே எழுதிக்கொண்டே போகும். சம்பவம் நடந்த அன்றே அந்தப் பகுதியைப் பென்டிரைவில் இறக்குங்கள். ரெக்கார்டரின் கடிகாரம் எத்தனை நிமிடம் முன்பின் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு பல கருவிகளில் அது தவறிப்போகும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், எடுத்த நேர விவரமும் போய்விடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், மூலக் கோப்பை அழிக்காதீர்கள். கேமரா உங்கள் கேட்டையும் சாலையையும் பார்க்கட்டும், அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்க்க வேண்டாம். பார்த்தால் தொல்லை தருபவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

வேம்படி:
நன்றி ஐயா. (அ) முழுதாக மாறுகிறது. கமிட்டியில் சிலர் ஃபிளாட்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே வழிதானா?

பழைய_குமாஸ்தா:
செக்ஷனல் டைட்டில் ஃபிளாட் (ஃபிளாட் தனிச் சொந்தம், பொது இடம் கூட்டுச் சொந்தம்) என்றால் முதல் கதவு, உரிமையாளர்கள் தேர்ந்தெடுத்த டிரஸ்டிகள். நடத்தை விதிகளில் எந்த எண்ணை மீறினார் என்று குறிப்பிட்டு மேனேஜிங் ஏஜென்டுக்கு எழுத்தில் கொடுங்கள். அங்கே நகராவிட்டால் சமூகக் குடியிருப்புகளுக்கான ஆம்பட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்), சிசாஸ் என்பார்கள். 2011-இன் 9-ஆம் எண் சட்டத்தில் வந்தது. ஒரு நடத்தை தொல்லை என்று அறிவித்து, நிறுத்தச் சொல்லி ஆணையிட அதன் 39-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. முதலில் சமரசம், ஒத்துவராவிட்டால் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு சட்டப் பிரச்சினை பற்றி மட்டும்தான், அதுவும் 30 நாளுக்குள்.

வாடகை மாநகராட்சி ஃபிளாட்டுக்கு இந்த வழி இல்லை. அங்கே மாநகராட்சியின் வீட்டுவசதி அலுவலகம்.

கரும்புக்காடு:
(ஆ)வுக்கு வருகிறேன். அந்த வரியை இப்போதே வெட்டுங்கள், வேம்படி. மூன்று காரணம்.

ஒன்று, ஆபத்து. படம் போட்டது யார் என்று பத்து நிமிடத்தில் அந்த வீட்டுக்குப் போய்ச் சேரும். நூறு பேர் இருக்கும் குழுவில் அவர்களுக்கு ஒரு மச்சான் இல்லாமல் இருக்க மாட்டான்.

இரண்டு, சட்டம். வீடு தப்பாகிப் போனால் அவதூறு வழக்கு. கீழே ஒருவர் "கொளுத்துங்கடா அந்த வீட்டை" என்று எழுதினால் அது 2020-இன் சைபர் குற்றச் சட்டத்தில் 14-ஆம் பிரிவு. சொத்துச் சேதத்துக்கோ வன்முறைக்கோ தூண்டும் செய்தி அனுப்புவதே குற்றம். கோபத்தில் எழுதினேன் என்று பிறகு சொன்னாலும் செய்தி செய்திதான்.

மூன்று, விசாரணை கெடும். குழுவில் பேச்சு வந்த அன்றே சரக்கு இடம் மாறும். போலீஸ் வாரன்ட்டோடு வரும்போது வெறும் சுவர்.

சொல்ல வேண்டிய இடம் கிரைம் ஸ்டாப், 08600 10111. பெயர் சொல்ல வேண்டாம். குறுஞ்செய்தி என்றால் 32211. போலீசின் மைசாப்ஸ் ஆப்பிலும் பெயரில்லாமல் தகவல் தரலாம். உள்ளூர் ஸ்டேஷன் மேல் சந்தேகம் இருப்பவர்களுக்கும் இதுவே வழி, ஏனென்றால் தகவல் கவுன்டர் வழியாகப் போவதில்லை.

மூணாம்_யூனிட்:
சொல்லி என்ன பயன் அண்ணா? ஊரே பத்து தடவை சொல்லியாயிற்று. போலீஸ் பாக்கி (பிக்கப்) வண்டி வரும், இரண்டு பையன்களைச் சோதிக்கும், போகும்.

கரும்புக்காடு:
பத்து தடவை என்ன சொன்னார்கள் என்பதுதான் கேள்வி, தம்பி. "அந்த வீட்டில் சுகர்ஸ் விற்கிறார்கள்" என்பது தகவல் இல்லை, அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. வீட்டுக்குள் தேட வாரன்ட் கேட்கும் அதிகாரி சத்தியப் பிரமாணத்தில் நியாயமான காரணம் காட்ட வேண்டும். அவருக்கு அதற்கான சாமானைக் கொடுங்கள்: எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை ஆள் வரத்து, கைமாறுவது கேட்டிலா பின்பக்கச் சந்திலா, சப்ளை கொண்டுவரும் வண்டியின் நம்பர், நிறம், கிழமை, விசில் கொடுக்கும் பையன் நிற்பது எந்த ரோபோட் (சிக்னல் விளக்கு) பக்கம், சரக்கு வீட்டுக்குள்ளா அல்லது வடிகால், மீட்டர் பெட்டி, காலி மனை மாதிரி வெளியிலா. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். பல சோதனைகள் வெறுங்கையோடு திரும்பக் காரணம் சரக்கு வீட்டுக்குள்ளே இல்லாததுதான். இதைப் பார்க்க யாரும் கிட்டே போக வேண்டாம். சொந்த ஜன்னலிலிருந்து தெரிவது போதும்.

ஒவ்வொரு வீடும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவர் எழுதியதை இருபது பேர் அப்படியே அனுப்பினால் அது ஒரே தகவலாகத்தான் எண்ணப்படும்.

மூணாம்_யூனிட்:
சரி, அது வரைக்கும் கமிட்டி ஆட்கள் ராத்திரி ரோந்து போகலாமே. பிடித்துக் கொடுத்தால் தீர்ந்தது.

பழைய_குமாஸ்தா:
ரோந்து போகலாம், கண்ணும் காதுமாக. கையாக வேண்டாம்.

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 51/1977-இன் 42-ஆம் பிரிவு தனி ஆளுக்கும் கைது செய்ய அனுமதி தருகிறது. ஆனால் முதல் அட்டவணையில் உள்ள கடுமையான குற்றங்கள், கண்முன் நடக்கும் அடிதடி என்று எல்லை போட்டுத்தான். சத்தம் போடுவது, மூலையில் நிற்பது, "இந்தத் தெருவில் உனக்கு என்ன வேலை" என்ற சந்தேகம் எதுவும் அதில் வராது. பிடித்தவுடன் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். சோதனை போடும் அதிகாரம் தனி ஆளுக்கு இல்லை. பையைத் திற, பாக்கெட்டைக் காட்டு, அடையாள அட்டை எங்கே என்று கேட்பதெல்லாம் போலீஸ் வேலை. சாலையில் தடுப்புப் போட்டு ஆளை நிறுத்துவது எங்கே போய் முடியும் என்று, தடுப்புகளில் உயிர்கள் போன 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு டர்பனில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ரோந்தைச் சமூகப் போலீஸ் மன்றம் வழியாகப் பதிவு செய்யுங்கள். போலீஸ் சட்டம் 68/1995 அந்த மன்றங்களை ஏற்படுத்துகிறது. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒன்று இருக்க வேண்டும். மாதக் கூட்டத்தில் உங்கள் பகுதியின் சம்பவ எண்களைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் கமாண்டரிடம் கேட்கலாம். ரோந்துக்கு யாருக்காவது கூலி கொடுக்கிறீர்களா? அப்படியானால் அவர் தனியார் பாதுகாப்புச் சட்டம் 56/2001-இன் கீழ், அந்தத் துறையை ஒழுங்குபடுத்தும் சைரா அமைப்பில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவில்லாதவரைத் தெரிந்தே அமர்த்துவது கமிட்டிக்கும் குற்றம்.

(இ)யையும் முடித்துவிடுகிறேன். ஐபிட் என்பது போலீஸ் செய்யும் குற்றங்களை விசாரிக்கும் அமைப்பு: காவலில் மரணம், சித்திரவதை, தாக்குதல், துப்பாக்கிச் சூடு, ஊழல். கேஸ் எடுக்க மாட்டேன் என்பது சேவைக் குறை. அதற்கு வரிசை வேறு. முதலில் அந்த ஷிப்ட் கமாண்டர். பிறகு ஸ்டேஷன் கமாண்டருக்கு எழுத்து. பிறகு போலீசின் சேவைப் புகார் எண் 0800 333 177. அதற்கும் மேல் மாகாணத்தின் சமூகப் பாதுகாப்புத் துறை. எந்த ஸ்டேஷனிலும் கேஸ் திறக்கலாம், அவர்கள்தான் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்புவது முறையில்லை.

வாசற்கோலம்:
(ஈ)யைப் பாதி சரி என்றீர்கள், மற்ற பாதியை நான் சொல்கிறேன். துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டம் 17/2011, நடைமுறைக்கு வந்தது 2013 ஏப்ரலில். வக்கீல் வேண்டாம் என்பது சரி. யார் மேலும் வாங்கலாம் என்பது சரி இல்லை. பின்தொடர்வது, வீட்டு வாசலில் காத்து நிற்பது, கூப்பிட்டுத் திட்டுவது, செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பது, இதனால் தீங்கு வரும் என்ற நியாயமான அச்சம் என்றெல்லாம் காட்ட வேண்டும். 2016-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர்நீதிமன்றம், ஒரே ஒரு மின்னஞ்சலை வைத்துக் கொடுத்த ஆணையை ரத்து செய்தது. நடத்தை திரும்பத் திரும்ப நடந்திருக்க வேண்டும், அல்லது தாங்க முடியாத அளவு கடுமையாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பார்க்கிங் சண்டைக்கு இது மருந்தில்லை.

செய்முறை: நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்து மாஜிஸ்திரேட் கோர்ட் குமாஸ்தாவிடம் படிவம் வாங்கிச் சத்தியப் பிரமாணத்தோடு நிரப்ப வேண்டும். சம்பவங்களை எண் போட்டு, பழையதிலிருந்து புதியதுக்கு எழுதுங்கள். சாட்சிகளின் பிரமாணப் பத்திரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் எதிராளிக்குச் சொல்லாமலே இடைக்கால ஆணை கிடைக்கும். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்: இடைக்கால ஆணை எதிராளி கையில் சேர்ந்த பிறகே உயிர் பெறும். முகவரி தப்பு, பகலில் வீட்டில் ஆள் இல்லை, பட்டப்பெயர் மட்டும் தெரியும், இப்படி ஏதாவது ஒன்றால் சேராமல் கிடக்கும். வேலை இடம், வண்டி நம்பர், வீட்டில் இருக்கும் நேரம் எல்லாவற்றையும் படிவத்திலேயே எழுதுங்கள். பெயரே தெரியாவிட்டால் போலீசைக் கண்டுபிடிக்கச் சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தால் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் விவரம் கேட்கவும் முடியும்.

ஆணையோடு நிறுத்திவைத்த கைது வாரன்ட் ஒன்றும் தருவார்கள். அதைப் பெட்டியில் பூட்டாதீர்கள். மீறினால் வாரன்டையும் ஒரு பிரமாணப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். மீறலுக்கு அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை. கோர்ட் காலம் குறிப்பிடாவிட்டால் இறுதி ஆணையும் 5 ஆண்டு நிற்கும்.

தொல்லை தருபவர் குடும்பத்து ஆள் என்றால் இந்தச் சட்டத்துக்குப் போகாதீர்கள், குடும்ப வன்முறைச் சட்டம் 116/1998-க்குப் போங்கள். சுகர்ஸுக்கு அடிமையான பேரன் ஆயாவின் பென்ஷன் காசைப் பிடுங்குவது, டிவியைத் தூக்கி விற்பது எல்லாம் அதில் வரும். அவன் அந்த வீட்டுக்குள் நுழையக் கூடாது என்றும் ஆணையிடலாம். 2023 ஏப்ரலில் வந்த திருத்தப்படி, ஒரு குழந்தையோ முதியவரோ மாற்றுத்திறனாளியோ குடும்ப வன்முறைக்கு ஆளாவது தெரிந்த எந்தப் பெரியவரும் சமூகப் பணியாளரிடமோ போலீசிடமோ சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் குற்றம். "அவா வீட்டு விஷயம், நமக்கென்ன" என்று ஒதுங்க இனி இடமில்லை. குறிப்பில் இதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

அவனுக்குச் சிகிச்சைதான் வேண்டும், சிறை வேண்டாம் என்று குடும்பம் நினைத்தால் போதைப் பழக்கத் தடுப்பு, சிகிச்சைக்கான 70/2008 சட்டத்தின் 33-ஆம் பிரிவு இருக்கிறது. நெருங்கியவரோ சமூகப் பணியாளரோ அரசு வழக்கறிஞரிடம் பிரமாணம் கொடுத்து, கோர்ட் வழியாக அவன் சம்மதம் இல்லாமலே சிகிச்சை மையத்துக்கு அனுப்பும் வழி. மையத்தில் இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு, அதனால் பாதுகாப்பு ஆணை, சிகிச்சை இரண்டு மனுவையும் ஒரே வாரத்தில் தொடங்குவது நல்லது.

மூணாம்_யூனிட்:
கோயில் ஸ்பீக்கர் பற்றியும் போடுவீர்களா? தீபாவளி வெடி?

ஒலிமானி:
வெடிக்கு மாநகராட்சி தீபாவளிக்கு முன் நேரத்தையும் விதியையும் அறிவிக்கும், அந்த வருட அறிவிப்பைப் பார்த்துப் போடுங்கள். பழைய படத்தை ஃபார்வர்டு செய்ய வேண்டாம்.

வழிபாட்டுச் சத்தத்துக்கு இசிபிங்கோ பீச் வழக்கைப் பாருங்கள். தொழுகை அழைப்பு பக்கத்து வீட்டில் கேட்கக் கூடாது என்று 2020-இல் உயர்நீதிமன்றம் சொன்னது. 2022 நவம்பரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. புகார் சொன்னவருக்குப் பிடிக்கவில்லை என்பது போதாது, நியாயமான மனிதர் தாங்க வேண்டிய அளவை மீறியது என்று காட்ட வேண்டும். நம் கோயிலுக்கும் அதே தராசு. திருவிழாப் பத்து நாளுக்கு முன்பே தெருவில் நிகழ்ச்சி நிரலும் பொறுப்பாளர் எண்ணும் கொடுத்து, ஹார்ன் ஸ்பீக்கரைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்தால் பாதிப் புகார் வராது.

கரும்புக்காடு:
இருட்டு மூலை, காலி மனை, குப்பை மூன்றையும் விடாதீர்கள். விற்பனை நடப்பது பெரும்பாலும் அணைந்த விளக்கின் கீழேதான். தெருவிளக்குப் புகாருக்குக் கம்பத்தில் இருக்கும் எண் வேண்டும். "கடைக்கு எதிரே" என்று சொன்னால் வண்டி வந்து சுற்றிவிட்டுப் போகும். கட்டட இடிபாட்டைக் கொட்டிப் போகும் பாக்கிக்கு நம்பர் பிளேட்டும் கொட்டும் கையும் ஒரே படத்தில் இருக்க வேண்டும்.

வேம்படி:
எல்லாம் சேர்த்துத் திருத்திவிட்டேன். (இ) இப்போது இப்படி: "ஸ்டேஷனில் புகார் கொடுத்ததும் ஓபி எண் வாங்குங்கள். அதுவே உங்கள் கேஸ் எண்." சரிதானே?

பழைய_குமாஸ்தா:
இரண்டாவது வாக்கியம் தப்பு. ஓபி என்பது ஸ்டேஷன் சம்பவப் புத்தகத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். அதை யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. கேஸ் எண் என்பது சிஏஎஸ் எண்: ஸ்டேஷன் பெயர், எண், மாதம், ஆண்டு. அது வந்தால்தான் டாக்கெட் (கேஸ் கோப்பு), விசாரணை அதிகாரி. அடி பட்டிருந்தால், காயத்தைப் பதியும் ஜே88 மருத்துவப் படிவத்தையும் அப்போதே கேட்டு, காயம் ஆறும் முன் டாக்டரிடம் நிரப்பிக்கொள்ளச் சொல்லி எழுதுங்கள்.